ஒற்றைக் கரும்புச் சீர்

“யாருக்குத் தெவசம்?”

தலையில் தாம்பாளம், கையில் கரும்பு, பக்கத்தில் மேளம். இந்தக் கோலத்தில் போய் நின்ற என்னைப் பார்த்து கேட்டுக்கு உள்ளேயிருந்து வந்த முதல் கேள்வி இது. கேட்டவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கோலமாவு டப்பா. மூக்கு நுனியிலும் கொஞ்சம் கோலமாவு.

“பேரச் சொல்லுங்க, கும்புட்டுர்றோம். வட பாயசமா, வெறும் சாம்பார் சோறா?”

நான் சாய்ந்த தாம்பாளத்தை நிமிர்த்திப் பிடித்தேன். மேளக்காரர்கள் இருவரும் வாசிப்பதை நிறுத்தவில்லை. அவர்களுக்கென்ன, தலையில் பாரமா பாவமா?

அன்று போகி. ஊர் முழுக்கப் பழைய பாயும் கூடையும் எரிந்த புகை. எந்நேரமும் கண்ணில் நிற்கிற கோட்டை மலையைக்கூட அன்று காலை காணவில்லை. சிங்கவரம் போகிற சாலையில், வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டி அந்த இல்லம் இருக்கிறது. நடக்க முடியாத பெண்கள், கை சொன்னபடி கேட்காத பெண்கள், எதையும் மெதுவாகவே புரிந்துகொள்கிற பெண்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். அதன் ஜன்னல் கிராதியெல்லாம் என் பட்டறையில் செய்தவைதான். அதனால் வழி தெரியும். ஆள் தெரியாது.

“தெவசம் இல்லம்மா. சீரு கொண்டாந்திருக்கன்” என்றேன்.

அவள் டப்பாவை மூடினாள். “சீரா?”

அதற்கப்புறம் அந்தத் தாம்பாளத்தை இறக்க இவ்வளவு நேரமாகும் என்று தெரிந்திருந்தால் சும்மாட்டை இன்னும் கொஞ்சம் தடிமனாகச் சுற்றியிருப்பேன். அது தலையிலேயே இருக்கட்டும். எங்கிருந்து புறப்பட்டது என்பதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

பின்வாசல்தான் மாமியார் வீடு

போன வாரம் இந்தப் பத்திரிகையில் வெல்டிங் பட்டறை போட்ட கதையை எழுதியிருந்தேன். அதில் ‘என் தங்கச்சி பச்சை’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். என் மனைவி தனம் அதைப் படித்துவிட்டுப் பத்திரிகையைச் சுருட்டி என் மேலேயே வீசினாள்.

“இன்னாய்யா, பச்சைய ஒத்த வரியில முடிச்சிட்ட? அவ இருந்திருந்தா உன்னச் சும்மா உட்டிருப்பாளா?”

விட்டிருக்கவே மாட்டாள்.

பச்சையம்மாள் என்பது முழுப் பெயர். எனக்குச் சின்னவள். பிறக்கும்போதே ஏதோ சிக்கல். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். வலது கை அதன் இஷ்டத்துக்குப் போகும். இடது கை மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கும். வார்த்தை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துத்தான் வரும். வெளியாட்களுக்குப் புரியாது. வீட்டில் எங்களுக்குப் புரியும். புரியாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றுகிற அளவுக்கு வாய்.

பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி வந்தால் போதும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு “பாவம், இந்தப் புள்ள” என்பாள். ஒருநாள் பச்சை பொறுமையாக, எழுத்தெழுத்தாகச் சொன்னாள்: “உன் கொழம்பத் தின்றாரே உன் ஊட்டுக்காரரு, அவருதான் பாவம்.” அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. “இன்னா சொல்லுது?” என்று என்னைக் கேட்டாள். உங்களுக்குச் சாமி நல்லது செய்யும்னு சொல்லுது என்றேன். பச்சை இருமுகிற சாக்கில் சிரித்ததில் கட்டிலே ஆடியது.

ஒவ்வொரு போகிக்கும் எங்கள் நைனா அவருடைய தங்கச்சிக்கு, அதாவது எங்கள் அத்தைக்கு, மண்டகப்பட்டுக்குச் சீர் எடுத்துப்போவார். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, பரங்கிக்காய், புடவை. பஸ்ஸின் கூரையில் கரும்பு. அண்ணன் கொண்டுபோன அரிசியில்தான் தங்கச்சி வீட்டுப் பொங்கல் பொங்க வேண்டும். கட்டிலில் உட்கார்ந்தபடி பச்சை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு வருஷம் கேட்டேவிட்டாள். “எனக்கு எப்ப சீரு?”

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நைனா மூட்டையைக் கட்டுகிற மாதிரி கட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போது விவரம் பத்தாது. “கல்யாணம் கட்டினு மாமியார் ஊட்டுக்குப் போனாத்தான் சீரு” என்று சட்டம் பேசினேன்.

பச்சை பின்வாசல் பக்கம் பார்த்தாள். “அப்ப நான் பின்வாசல்ல போய்க் குந்திக்கிறன். அதான் என் மாமியார் ஊடு. நீ கொண்டா.”

அவ்வளவுதான். அம்மா அவளைத் தூக்கிப்போய்ப் பின்வாசல் படியில் உட்கார வைத்தாள். நான் அலுமினியத் தட்டில் அரிசி, வெல்லம் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கினேன். வீட்டுக்குள்ளே நடந்து போனால் செல்லாது. அது அவள் போட்ட விதி. பக்கத்துச் சந்தில் புகுந்து, சாக்கடையைத் தாண்டி, சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். நான் பாதி வழி வருவதற்குள் பின்வாசலிலிருந்து கத்தல் கேட்கும்.

“எவ்ளோ நேரம் குந்தினு இருக்கறது? சீரு வருதா இல்லியா?”

“வருது வருது, கத்தாத!” என்று சந்துத் திருப்பத்திலிருந்து நானும் கத்துவேன்.

விளையாட்டுதான். ஆனால் ஒரு வருஷமும் நிற்கவில்லை. எனக்கு மீசை முளைத்த பிறகும் நடந்தது. கல்யாணமாகி வந்த முதல் போகிக்கு தனம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அண்ணியாகச் சந்தில் கூடவே வந்தாள். அன்றைக்கே இந்த இரண்டு பேரும் ஒரு கட்சியாகிவிட்டார்கள். நான் எதிர்க்கட்சி.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சீருக்குக் கரும்பு ஜோடியாகத்தான் வைப்பார்கள். பச்சைக்கு நான் ஒன்றுதான் கொண்டுபோவேன். அவளுக்குக் கரும்பைத் தின்பதைவிடப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்தான் ஆசை. இடது கையால் கொடிக்கம்பம் மாதிரி நட்டுப் பிடித்துக்கொண்டு தெருவையே ஆளுவாள். ஒரு கைக்கு ஒரு கரும்பு. சீரை வாங்கிக்கொண்டால் தட்டை வெறுமனே திருப்பி அனுப்பமாட்டாள். வெல்லத்தில் ஒரு கடி கடித்து, மீதியைத் தட்டில் போடுவாள். எச்சில் வெல்லம்தான் எனக்கு மரியாதை.

நான் வெல்டிங் கற்றுக்கொண்டு வந்து செய்த முதல் வேலை அவளுக்குத்தான். கட்டிலிலிருந்து பின்வாசல் வரை சுவரோடு ஒரு பைப். பற்றவைத்த இடமெல்லாம் எறும்புப் புற்று மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் தானாகவே பின்வாசலுக்குப் போனாள். வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தப் பைப்பைத் தட்டிக் காட்டுவாள். இந்த ஊரில் எத்தனையோ மாடி வீட்டுக்கு கேட் செய்திருக்கிறேன், அவ்வளவு பெருமையாக யாரும் என் வேலையைக் காட்டியதில்லை.

சில வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. போகும்போதும், பைப்புக்குப் பெயின்ட் அடித்து வை என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். அடித்து வைத்தேன். பெயின்ட் வாசனையில் உட்கார்ந்து அழுதேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அடுத்த போகி வந்தது. பழக்கத்தில் பஜாரில் ஒரு கரும்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் தனமும் பழக்கத்தில் தாம்பாளத்தை விளக்கி வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“கோயில்ல குடுத்துரலாமா?” என்றேன்.

“சாமிக்கு எதுக்குய்யா சீரு? ஆரம்பிச்ச சீர நிறுத்தக் கூடாது. ஒரு தங்கச்சி ஊட்டுக்குப் போயே ஆவணும். நீயே யோசி” என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

யோசித்தேன். பச்சை மாதிரிப் பெண்கள் இருக்கிற அந்த இல்லம் ஞாபகம் வந்தது. பச்சை ஆசைப்படுவாளே என்று மேளத்துக்கும் சொன்னேன். இல்லத்து கேட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

சண்டை போட்டவளே தங்கச்சி

“சீரா?” என்று கேட்டவள் பெயர் வள்ளி. அப்போது எனக்கு அது தெரியாது.

“ஆமாம்மா, சீரு.”

“யாருக்கு?”

“இங்க இருக்கற எல்லாருக்கும்தான்.”

“எல்லாருக்கும் குடுத்தா அது தானம். தானம்னா சொல்லுங்க, வாங்கி உள்ள வெச்சிட்டு போட்டோவுக்கு நிக்கறோம். சீருன்னா ஒரு தங்கச்சி வேணும். இங்க யாரு உன் தங்கச்சி?”

மேளம் நின்றுவிட்டது. அவர்களுக்கும் பதில் தெரிந்துகொள்ள ஆசை. இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற நிர்மலா டீச்சர் ஓடிவந்தார். “வள்ளி, சும்மா இரு. சார், நீங்க உள்ள வாங்க சார்” என்று கேட்டைத் திறக்கப் போனார். வள்ளி நாற்காலியை உருட்டிக் குறுக்கே நிறுத்தினாள்.

“இரு டீச்சர். வாசல் தாண்டிட்டா சீரு வாங்கிட்டதா ஆயிடும். யாருக்குன்னு சொல்லட்டும்.”

எனக்குக் கோபம் சுர்ரென்று வந்தது. கழுத்து வலிக்கிறது. தாம்பாளத்தைக் கீழே வைக்கவும் முடியாது, வழியில் இறக்கின சீர் ஆகாது. நல்லது செய்யலாம் என்று வந்தால் கோர்ட்டில் நிறுத்துகிறாளே என்று பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கோபம் எனக்குப் பழக்கமான கோபம். ஒவ்வொரு போகிக்கும் சந்துத் திருப்பத்தில் எனக்கு வருகிற அதே கோபம்.

“நீதான்” என்றேன். “வாசல்லியே நிக்க வெச்சி இந்தப் பேச்சுப் பேசறியே, வேற யாரு? நீதான் என் தங்கச்சி.”

வள்ளி குனிந்துகொண்டாள். கோலமாவு டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். உள்ளே தாழ்வாரத்தில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துவிட்டார்கள். அவளுக்கு இரண்டு அண்ணன்கள் பனமலைப் பக்கம் இருக்கிறார்கள், விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்ப எட்டிப்பார்க்கவில்லை என்பதெல்லாம் டீச்சர் பிறகு சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்தத் தாம்பாளத்தைத் திரும்ப எங்கே கொண்டுபோவது என்பதுதான்.

கடைசியில் அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

“தங்கச்சிக்கு ஒத்தக் கரும்பா கொண்டாருவாங்க?”

தாழ்வாரத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள்! மேளக்காரர் தவில் மேல் கவிழ்ந்து சிரித்தார். ஒத்தைக் கரும்பு கொண்டுபோய்க் கொண்டுபோய், ஜோடி என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

“ஒத்தக் கரும்ப எந்த அண்ணன் குடுப்பான்? அண்ணி எங்க? அண்ணி இல்லாம சீரா? இவருக்கு ஒரு மொறையும் தெரியல டீச்சர்” என்று அடுக்க ஆரம்பித்தாள். நான் தலையில் தாம்பாளத்தோடு, ஒரு கையால் தனத்துக்கு போன் போட்டேன்.

தனம் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது புடவையெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி. பின்சீட்டில் இன்னொரு கரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. வந்ததும் வராததுமாக வள்ளியிடம் போய், “நல்லாக் கேட்டம்மா நீ. இத்தினி வருஷமா எனக்குக் கேக்கத் தோணல” என்றாள். மறுபடியும் நான் எதிர்க்கட்சி.

சீர் வாசலைத் தாண்டியது. அந்த அரிசியில்தான் மறுநாள் அங்கே பொங்கல் பொங்கியது. புறப்படும்போது வள்ளி தாம்பாளத்தை வெறுமனே தரவில்லை. பெயின்ட் டப்பாவில் அவள் வளர்த்த செடியிலிருந்து பச்சைமிளகாய் பறித்துப் போட்டாள்.

“காரமா இருக்கும். அப்பத்தான் அடுத்த வருஷம் ஞாபகம் இருக்கும்” என்றாள்.

அண்ணன் என்றால் சும்மாவா

அடுத்த வருஷம் வரை அவள் எங்கே காத்திருந்தாள்? தை முடிவதற்குள் போன் வந்துவிட்டது.

“அண்ணா, கக்கூஸ் கைப்பிடி ரைட்டுல வெச்சிருக்குது. பக்கத்துக் கட்டில் லச்சுமிக்கு லெஃப்ட் கைதான் வேல செய்யும். எப்ப வர்ற?”

“பாக்கறம்மா” என்றேன்.

“பாக்க வேணாம். பைப்போட வா.”

நன்கொடை கொடுத்தவரிடம் இப்படிப் பேசமுடியாது. நன்றி சொல்லி, போட்டோவுக்கு நின்று, அடுத்த தெவசம் வரை ஓட்டிக்கொள்ள வேண்டும். அண்ணனிடம் பேசலாம். கைப்பிடி போட்டேன். பிறகு வாசலுக்குச் சரிவுப்பாதை. முதலில் போட்டது செங்குத்தாகப் போய், வள்ளி அதில் உருட்டிக் காட்டி என் மானத்தை வாங்க, உடைத்துவிட்டு நீளமாகப் போட்டேன். பிறகு கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சுவரோடு பைப். பச்சைக்குப் போட்டது மாதிரியே. எறும்புப் புற்று மட்டும் இல்லை, இப்போது கை நன்றாகத் தேறியிருக்கிறது.

இதற்குள் மற்றப் பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வள்ளிக்கு மட்டும் அண்ணனா? நியாயமான கேள்வி. பட்டறைக்குப் பக்கத்தில் பங்க்சர் கடை வைத்திருக்கிறவரிடம் சொன்னேன். டீக்கடைக்காரரிடம் சொன்னேன். “ஒரு தட்டு அரிசிதானே” என்று கிளம்பி வந்தார்கள், பாவம். இன்றைக்குப் பங்க்சர் கடைக்காரர் ஊரில் எந்த வண்டி காத்து இறங்கி நின்றாலும் முதலில் சக்கர நாற்காலி டயரைத்தான் பார்க்க வேண்டும். டீக்கடைக்காரருக்கு வாய்த்த தங்கச்சி அவர் போடுகிற டீயில் குற்றம் கண்டுபிடித்தே அவரைத் திருத்திவிட்டாள். இப்போது கடையில் கூட்டம்.

போகி காலையில் நீங்கள் அந்தச் சாலைக்கு வந்து பார்க்க வேண்டும். தலைக்குத் தலை தாம்பாளம். முன்னால் மேளம். எல்லார் கையிலும் ஜோடிக் கரும்பு. யாருடைய பரங்கிக்காய் பெரியது என்று தங்கச்சிகளுக்குள் தகராறு. கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் கல்யாண ஊர்வலம் என்று நினைத்து வண்டியை நிறுத்தி வாழ்த்திவிட்டுப் போகிறார்கள்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் ஒரு காரியமும் நடக்கிறது. தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களை ராத்திரியில் புரட்டிப் படுக்க வைக்க ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். பச்சைக்கு அம்மா செய்ததும், அம்மாவுக்குப் பிறகு தனம் செய்ததும் அதைத்தான். அந்த வேலைக்கு இல்லத்தில் ஓர் அக்காவை வைத்து, அவருக்கான சம்பளத்தை அண்ணன்மார் எல்லாரும் சேர்ந்து பச்சையின் பேரில் கொடுக்கிறோம். பச்சையின் போட்டோவை மாட்டட்டுமா என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன். மாட்டினால் மறுபடி யாருக்குத் தெவசம் என்று கேட்பார்கள்.

கம்பி வைத்த கால்

இந்த வருஷம் மார்கழி பிறந்ததுமே ஒரு கல்யாண மண்டபத்து கேட்டைப் பற்றவைக்க ஏணி ஏறினேன். ஏணி என்னைவிட்டு நகர்ந்தது. தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். “ஊருக்கெல்லாம் கம்பி வெச்சவனுக்கே கம்பி வெச்சிட்டாங்க” என்று பஜாரே சிரித்தது. வீட்டில் பச்சையின் கட்டிலில்தான் படுக்கை. பச்சையின் பைப்பைப் பிடித்துத்தான் நடை. அவள் போனதும் அதை அறுத்துப் போடச் சொன்ன சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, நல்லவேளை என்றார்கள்.

போகி வந்தது. தாம்பாளம் தயார், ஜோடிக் கரும்பு தயார், ஆள் தயாரில்லை. ஸ்கூட்டரில் ஏற முடியாது, ஆட்டோவில் காலை மடக்க முடியாது.

“நீ எடுத்துனு போ” என்றேன் தனத்திடம்.

“சீரு அண்ணன் கையால போவணும். இல்லாட்டி வள்ளி வாங்க மாட்டா.”

அது எனக்கும் தெரியும். சின்ன வயசில் அலுமினியத் தட்டோடு ஆரம்பித்தது, அம்மா செத்த வருஷத்திலும் நிற்காதது, பச்சையே போன பிறகும் நிற்காதது, என் காலால் நிற்கப்போகிறது. வள்ளியை இங்கே வரச் சொல்லலாம் என்றால் அதுவும் முறையில்லை. சீரைத் தேடிக்கொண்டு எந்தத் தங்கச்சியும் அண்ணன் வீட்டு வாசலுக்கு வரமாட்டாள். அதிலும் வள்ளி. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சந்துப் பக்கம் லோடு ஆட்டோ ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பலகை போடுகிற சத்தம். சக்கரம் உருள்கிற சத்தம். டீக்கடைக்காரர் குரல், “மெதுவா, மெதுவா, சாக்கடை இருக்குது” என்றது. சக்கரச் சத்தம் முன்வாசலுக்கு வராமல் பின்பக்கம் போனது.

தனம் எட்டிப்பார்த்துவிட்டு வந்தாள். முகமெல்லாம் பல்.

“வள்ளி வந்திருக்குது. பின்வாசல்ல. படிய ஒட்டி நாற்காலியப் போட்டுனு குந்தியிருக்குது. ‘இது அண்ணன் ஊடு இல்ல, இது என் மாமியார் ஊடு. சுத்தினு வரச் சொல்லு’ன்னு சொல்லுது.”

பச்சையின் பின்வாசல் கதையை வள்ளியிடம் என்றைக்கோ சொல்லியிருந்தேன். முறையும் கெடாமல், சீரும் நிற்காமல், அவள் வழி கண்டுபிடித்திருக்கிறாள்.

பைப்பைப் பிடித்துக்கொண்டு போனால் பின்வாசல் பத்தடிதான். ஆனால் உள்ளே நடந்து போனால் செல்லாது. வாக்கரை எடுத்து வைத்து முன்வாசலில் இறங்கினேன். தனம் தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள். நின்ற இடத்திலெல்லாம் அதன் விளிம்பை ஒரு கையால் தொட்டுக்கொண்டு, அக்குளில் ஜோடிக் கரும்போடு, நொண்டி நொண்டிச் சந்துக்குள் நுழைந்தேன். வாக்கரைத் தூக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி வைத்து, ஒருவழியாகத் திருப்பத்துக்கு வந்து சேர்ந்தோம்.

அப்போது பின்வாசலிலிருந்து குரல் கேட்டது.

“எவ்ளோ நேரம் குந்தினு இருக்கறது? சீரு வருதா இல்லியா?”

நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்வாசல் கதையைச் சொன்னேனே தவிர, இந்த வார்த்தையை நான் வள்ளியிடம் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை. காத்திருக்கிற தங்கச்சி வேறு எதைக் கேட்பாள்?

“கால் நோவுதா?” என்றாள் தனம்.

கண்ணைத் துடைக்க எனக்குக் கை காலியாக இல்லை. கரும்பை இறுக்கிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

“வருது வருது, கத்தாத!”